ரோலர் அண்ணனுக்குக் கிடைத்த பலன்

டீ குடித்து முடித்ததும் ரோலர் அண்ணன் தம்ளரைப் பலகையில் வைப்பார். சட்டைப் பையை வெளியே இழுத்து ஒரு உதறு உதறுவார். பிறகு இரண்டு கைகளையும் கடைக்காரர் முகத்துக்கு நேரே நீட்டி, ஒரு முறை உள்ளங்கையையும் ஒரு முறை புறங்கையையும் திருப்பிக் காட்டுவார். “பாத்துக்கங்க. வெறுங்கையோட போறேன்.” கடைக்காரர் தலையாட்டினால்தான் படி இறங்குவார். கடைக்காரர் வேறு யாருக்காவது மிச்சச் சில்லறை தேடிக்கொண்டிருந்தால், அவர் நிமிரும்வரை கைகளை விரித்தபடியே நிற்பார். விவரம் தெரியாத புது ஆட்கள், மனிதர் கைரேகை பார்க்கச் சொல்கிறார் போலிருக்கிறது என்று எட்டிப் பார்ப்பதும் உண்டு.

நான் குடியிருக்கும் வீட்டின் கீழ்ப்பகுதியில்தான் அவர் குடியிருக்கிறார். காலையில் பேப்பர் படிக்க மாடிக்கு வருவார். படித்து, மடித்து, வந்த மடிப்பிலேயே திரும்ப வைத்துவிட்டு எனக்கும் கைகளைக் காட்டுவார். “என்னண்ணே, எங்கிட்டயுமா?” என்று ஆரம்பத்தில் நான் வருத்தப்பட்டதுண்டு. “உங்களுக்காக இல்ல தம்பி. எனக்காக” என்பார். ஒருநாள் மழைக்கு என்னுடைய குடையைக் கொடுத்தனுப்பினேன். வழியில் பார்த்தவர்களை எல்லாம் நிறுத்தி, “இது மாடியில இருக்கற தம்பி குடுத்த குடை. அவரா குடுத்தாரு” என்று சொல்லிக்கொண்டே போயிருக்கிறார். அவர் பஸ் ஸ்டாப் போய்ச் சேர்வதற்குள் மழையே நின்றுவிட்டது.

சாலைத் துறையில் ரோடு ரோலர் ஓட்டுநராக இருந்தவர். உருவத்துக்கும் தொழிலுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது, ஊதினால் பறந்துவிடுவார். ஆனால் நடை, சாப்பாடு, பேச்சு எல்லாமே ரோலர்தான். ஒரு வாக்கியம் முன்னால் போகும். போன வழியிலேயே திரும்பி வரும். “மழை வரும்போல இருக்கு தம்பி. இருக்கு தம்பி, மழை வரும்போல.” சமப்பட்டுவிட்டது என்று தோன்றினால்தான் அடுத்த விஷயத்துக்குப் போவார். ஒரு டிபன்பாக்ஸ் சாப்பாட்டை முடிக்க அவருக்கு ஆகும் நேரத்தில் மற்றவர்கள் சாப்பிட்டு, ஒரு தூக்கமும் போட்டு எழுந்துவிடுவார்கள். இந்தச் சாப்பாடுதான் அவரைக் கோர்ட் படி ஏற வைத்தது.

நாலைந்து வருடத்துக்கு முன்பு ஒரு மதியம். புறநகரில் ஒரு சாலை வேலை. அண்ணன் ரோலரை ஓரமாக நிறுத்தி, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வைத்துவிட்டு, கொஞ்சம் தள்ளி ஒரு மரத்தடியில் டிபன்பாக்ஸைத் திறந்திருக்கிறார். சாப்பிட்டுக் கை கழுவித் திரும்பி வந்தால் கல் இருக்கிறது, ரோலர் இல்லை.

வேறொரு டிவிஷனைச் சேர்ந்த பொறியாளர் ஏதோ அவசர வேலைக்கென்று அதை லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். இது இன்றைக்கு எல்லாருக்கும் தெரியும். அன்றைக்கு அண்ணனுக்குத் தெரியாது. அவர் செய்த தவறு ஒன்றே ஒன்றுதான். உடனே ஆபீசுக்குத் தகவல் சொல்லாமல் சாயங்காலம்வரை தானே தேடியிருக்கிறார். ஏன் என்று போலீசார் கேட்டதற்கு, “பெரிய பொருள்தானேங்க. எங்கயாவது கண்ணுல பட்டுடும்னு நெனச்சேன்” என்றாராம். இந்தப் பதில் அவர்களுக்குத் திருப்தி அளிக்கவில்லை.

புகாரை எழுதிய காவலர் வாகனத் திருட்டுகளுக்கு என்று ஒரே வாசகத்தை வைத்திருப்பவர். அதையே இதற்கும் போட்டுவிட்டார். ‘எதிரி மேற்படி ரோடு ரோலரில் ஏறி மின்னல் வேகத்தில் தப்பிச் சென்றுவிட்டார்.’ அண்ணன் அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, வழக்கையே மறந்து தொழில் சார்பாகக் கோபப்பட்டிருக்கிறார். “என் வண்டிய நடந்து போறவங்க முந்திக்கிட்டுப் போவாங்கய்யா. நின்னு பேசிட்டு மறுபடியும் முந்துவாங்க!”

கோர்ட் பாஷையில் குற்றம் சாட்டப்பட்டவருக்கு ‘எதிரி’ என்று பெயர். அண்ணன் முதல் எதிரி. வேறு எதிரி யாரும் இல்லாதபோதும் முதல் எதிரி. வாய்தாவுக்கு வாய்தா டவாலிச் சேவகர் வாசலில் நின்று அப்படிக் கூப்பிடும்போது அண்ணன் நடுங்கிப்போவார். “நான் யாருக்குங்க எதிரி? ஒரு நாய்மேலகூட வண்டிய விட்டதில்ல. விட்டாலும் அது எழுந்து, சோம்பல் முறிச்சு, நகர்றதுக்கு நேரம் இருக்கும்.” தெருப் பிள்ளைகள் கொஞ்ச நாள் அவரை ‘எதிரி மாமா’ என்றே கூப்பிட்டார்கள். அவரும் திரும்பிப் பார்த்தார்.

வேலையிலிருந்து சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். பாதிச் சம்பளத்தில் வீடு ஓடியது. அண்ணி தையல் தைப்பவர். அவருடைய தையல் மெஷினை விற்றுத்தான் வக்கீல் ஃபீஸ் கட்டினார்கள். அண்ணி வாய்க்குப் பூட்டுப் போடத் தெரியாதவர். “ரோலரை ஏப்பம் விட்டவருன்னு ஊரே சொல்லுது. ஏப்பம் விட்ட ஆளு வீட்ல நான் கையால ஊசி குத்திட்டு உக்காந்திருக்கேன்” என்று சத்தமாகவே சொல்லுவார்.

அதே அண்ணி ஒருநாள், “நீங்க எடுத்திருந்தாலும் பரவால்ல. எங்க வச்சிருக்கீங்கன்னு எங்கிட்ட மட்டும் சொல்லுங்க” என்று கேட்டுவிட்டார். அத்தோடு விடவில்லை, கட்டிலுக்கு அடியில் குனிந்து வேறு பார்த்திருக்கிறார். “செருப்பைத் தேடினேன் தம்பி” என்று இன்றுவரை சாதிக்கிறார். அண்ணன் நம்பவில்லை. வழக்கு, வாய்தா, பாதிச் சம்பளம் எல்லாவற்றையும் தாங்கிக்கொண்ட மனிதர் அன்றைக்குத்தான் சாப்பிடாமல் படுத்தார்.

வழக்கு முடிந்த விதத்தை அவர் வாயால் கேட்க வேண்டும். நான்கு தடவையாவது முன்னும் பின்னும் ஓட்டித்தான் சொல்வார். நான் சுருக்கிச் சொல்கிறேன்.

கோர்ட்டுக்கு முன்னால் இருக்கும் சாலையைப் புதுப்பித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே விசாரணை, வெளியே ரோலர் சத்தம். சாட்சி சொல்வது நீதிபதிக்குக் கேட்கவில்லை, நீதிபதி கேட்பது சாட்சிக்குக் கேட்கவில்லை. ஜன்னல்களைச் சாத்தினார்கள். அப்போதும் கட்டடம் அதிர்ந்தது. இப்படியே மூன்று, நான்கு வாய்தா போயிற்று. ஒருநாள் நீதிபதிக்குப் பொறுமை போய்விட்டது. “அந்த வண்டிக்காரரைக் கூப்பிடுங்க உள்ளே” என்றார்.

தார் படிந்த சட்டையோடு ஒரு ஓட்டுநர் வந்து நின்றார். பச்சை நிற ரோலர், பக்கத்து டிவிஷன் வண்டி. “வண்டி நம்பர் என்ன?” என்று நீதிபதி அதட்டினார். அவர் நம்பரைச் சொன்னார். எழுதிக்கொண்டிருந்த எழுத்தரின் பேனா நின்றது.

“ஐயா, இந்த நம்பரை நான் ஏற்கெனவே எழுதியிருக்கேன்.”

“எங்கே எழுதினீங்க?”

“இந்தக் கேஸ்லதாங்க ஐயா.”

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். அரசு வக்கீல், “நம்பர் ஒரே மாதிரி அமைஞ்சிருக்கலாம்” என்று சொல்லிப் பார்த்தார். கடைசியில் நீதிபதி, வக்கீல்கள், போலீசார், முதல் எதிரி எல்லாருமாக வெயிலில் இறங்கிப் போய்ப் பார்த்தார்கள். மஞ்சளாக இருந்த வண்டிக்கு அந்த டிவிஷன் வழக்கப்படி பச்சை பெயிண்ட் அடித்திருந்தார்கள். ஆனால் ஓட்டுநர் இருக்கையைச் சுற்றி, சூடு தாங்குவதற்காக அண்ணன் கட்டிவைத்திருந்த தன்னுடைய பழைய கோடுபோட்ட சட்டை அப்படியே இருந்தது. பொத்தான்கூட விழவில்லை. அதைப் பார்த்ததும் அண்ணன் சக்கரத்தில் கைவைத்துக்கொண்டு அழுதுவிட்டார்.

சந்தோஷத்தில் அழுதார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். இல்லை. “அத்தனை வருஷம் ஓட்டின வண்டி தம்பி. வாசல்ல நின்னு கத்திக்கிட்டு இருந்திருக்கு. நான் உள்ள உக்காந்துக்கிட்டு, எவனோ ஓட்டத் தெரியாதவன் கிளட்சைப் போட்டு மிதிக்கிறான்னு திட்டிக்கிட்டு இருந்தேன். சத்தம் தெரியல எனக்கு. எனக்குத் தெரியல சத்தம்.”

இந்த அழுகைதான் வினையாகப் போயிற்று. அரசு வக்கீல் அதைப் பிடித்துக்கொண்டார். பல வருடம் ஓட்டிய வண்டியின் சத்தம் எதிரிக்கு எப்படித் தெரியாமல் போகும்? தெரிந்தும் ஏன் வாயைத் திறக்கவில்லை? லாரியில் ஏற்றச் சொன்ன பொறியாளர் எப்போதோ மாற்றலாகிப் போயிருந்தார். வாயால் போட்ட உத்தரவு என்பதால் காகிதம் கிடையாது. எழுதிக் கேட்டதற்குத் தனக்கு எதுவும் ஞாபகமில்லை என்று பதில் அனுப்பிவிட்டார். ஆக, ரோலர் போன வழி ஊருக்கே தெரியும்; கோர்ட்டுக்கு மட்டும் தெரியாது. நீதிபதி யோசித்துத் தீர்ப்புச் சொன்னார். ‘சந்தேகத்தின் பலனை எதிரிக்கு அளித்து, அவரை விடுதலை செய்து உத்தரவிடுகிறேன்.’

விடுதலை என்ற சொல்லைக் கேட்டதும் அண்ணி கைதட்டிவிட்டார். அண்ணன் தட்டவில்லை. வக்கீலிடம் மெதுவாகக் கேட்டிருக்கிறார்: “பலனை எனக்குக் குடுத்துட்டாரு. சரி. அந்தச் சந்தேகத்தை யாரு வச்சிருக்காங்க?”

வக்கீலுக்கு அடுத்த கேஸ் இருந்தது.

வேலையைத் திருப்பிக் கொடுத்தார்கள். ரோலரைக் கொடுக்கவில்லை. ஓட்டுநர் இடம் காலியில்லையாம். அதனால் டிப்போவில் வண்டிகளுக்குக் காவலாக இருக்கச் சொன்னார்கள். ரோலர் களவாடியதாக வழக்குப் போட்டவர்களே ரோலர்களைக் காக்கச் சொன்னதை நினைத்து ஊர் சிரித்தது. அண்ணன் சிரிக்காமல் காவல் காக்கிறார். அந்தப் பச்சை வண்டியையும் அங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். மதியச் சாப்பாட்டை அதன் இருக்கையில் ஏறி உட்கார்ந்துதான் சாப்பிடுகிறார். இந்தத் தடவை யார் தூக்கிக்கொண்டு போனாலும் டிபன்பாக்ஸோடு அவரையும் சேர்த்துத்தான் தூக்க வேண்டும்.

நஷ்டஈடு கேட்கலாம் என்று சொன்னது நான்தான். விட்டுப்போன சம்பளம், வக்கீல் செலவு, மன உளைச்சல் எல்லாவற்றுக்கும் கேட்க விதி இருக்கிறது. அண்ணன் தயங்கினார்.

“பணம் கிடக்கட்டும் தம்பி. ‘நீ எடுத்திருக்க மாட்டே’ன்னு எத்தனையோ பேரு சொன்னாங்க. சொல்லும்போதே அவங்க கண்ணு என் கைக்குப் போகும். அதான் நானே விரிச்சுக் காட்டிடறது. ஒருத்தர், ஒரே ஒருத்தர், ‘எனக்குச் சந்தேகமே இல்ல’ன்னு சொல்லியிருந்தா, இந்த நஷ்டஈடே எனக்கு வேணாம்.”

“அதெல்லாம் வேணும்!” என்று உள்ளேயிருந்து அண்ணியின் குரல் வந்தது. “எனக்குத் தையல் மெஷின் வேணும்.”

மனுப் போட்டோம். இழப்பீட்டுப் பிரிவில் ஒரு குமாஸ்தா இருந்தார். கெட்டவர் இல்லை. விதிப் புத்தகத்தை மட்டும் நம்பி வாழ்பவர். தீர்ப்பு நகலை விரலால் தடவித் தடவிப் படித்தார். ஒரு இடத்தில் விரல் நின்றது.

“கோர்ட்லயே உங்களுக்குப் பலன் குடுத்துட்டாங்களே.”

“ஆமாங்க. சந்தேகத்தின் பலன்” என்றேன் நான்.

“வேறு வகையில் பலன் பெற்றவருக்கு இழப்பீடு கிடையாதுன்னு விதி இருக்கு. ஒரே விஷயத்துக்கு ரெண்டு தரம் பலன் குடுத்தா ஆடிட்ல என்னைப் பிடிப்பாங்க.” அண்ணனைப் பார்த்து, “ரொக்கமா வாங்கினீங்களா, செக்கா?” என்று கேட்டார்.

அண்ணன் பேந்தப் பேந்த விழித்தார். அது பணம் இல்லை, சட்டத்தில் ஒரு சொல்வழக்கு என்று நான் விளக்கினேன். குமாஸ்தா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு கோர்ட்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். எதிரிக்கு அளிக்கப்பட்ட பலனின் மதிப்பு எவ்வளவு, அது எந்த நாளில் வழங்கப்பட்டது என்று தெரிவிக்குமாறு கேட்டுக்கொண்டார். பல மாதம் கழித்துக் கோர்ட்டிலிருந்து பதில் வந்தது. ‘மேற்படி பலனின் மதிப்பு இந்நீதிமன்றத்தால் கணக்கிடப்படவில்லை.’ குமாஸ்தாவுக்கு அது போதுமானதாக இருந்தது. கணக்கிடப்படவில்லை என்றால் கணக்கிடும்வரை காத்திருக்க வேண்டும் என்று ஃபைலில் எழுதிக் கட்டிவைத்துவிட்டார். அண்ணன் ஒவ்வொரு மாதமும் போய் நிற்பார். “கணக்குப் போட்டாச்சுங்களா?” என்பார். “இன்னும் இல்லீங்க” என்பார் அவர். இருவருக்கும் நடுவே ஒரு சிநேகமே உண்டாகிவிட்டது. மேலேயிருக்கும் அதிகாரியைப் பாருங்கள் என்று குமாஸ்தாவே யோசனை சொன்னார்.

அதிகாரி குள்ளமான மனிதர், பெரிய மேஜை. முதல் தடவை நாங்கள் போனபோது மேஜைக்கு மேலே மூக்கும் கண்ணாடியும்தான் தெரிந்தன. ‘பார்க்கலாம்’ என்றார். இரண்டாம் தடவை தாடை தெரிந்தது. அப்போதும் ‘பார்க்கலாம்’தான். போன வாரம் மூன்றாம் தடவை போனோம். மனிதருக்குக் கழுத்து, தோள், சட்டைப் பை எல்லாம் இருந்தன. இந்த வயதில் எப்படி வளர்கிறார் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

இந்தத் தடவை அவர் பார்க்கலாம் என்று சொல்லவில்லை. மேலிடத்திலிருந்து யாரோ குடைந்திருக்க வேண்டும். குமாஸ்தாவைக் கூப்பிட்டு ஃபைலைக் கொண்டுவரச் சொன்னார். குமாஸ்தா போனார். நெடுநேரம் கழித்து வெறும் ஆளாக வந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

“சார், அலமாரியில இல்ல.”

“இல்லன்னா?”

“இருந்துச்சு சார். போன மாசம்கூடப் பாத்தேன். காணோம்.”

அதிகாரி மேஜையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். “கடைசியா அதைத் தொட்டது யாரு?”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணனின் உடம்பு ஒரு முறை தூக்கிப்போட்டது. இதே கேள்வியை, இதே குரலில் போலீசார் அவரிடம் கேட்டிருக்கிறார்கள்.

“நான்தான் சார்” என்றார் குமாஸ்தா.

“அப்ப நீதான் பதில் சொல்லணும். இவர்கிட்ட என்ன வாங்கலாம்னு ஃபைலை ஒளிச்சு வச்சிருக்கே?” அதிகாரி ஒரு வெள்ளைத் தாளையும் தன் பேனாவையும் அண்ணன் முன்னால் தள்ளினார். “நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க. ஒரு புகார் எழுதிக் குடுங்க. இவர் மேலதான் சந்தேகம்னு ஒரே ஒரு வரி போதும். இன்னைக்கே இவரை சஸ்பெண்ட் பண்ணி, போலீஸ்ல குடுத்துடறேன். ஃபைல் தொலைஞ்சதுன்னு ஆகிட்டா, புது ஃபைல் போட்டு ஒரே வாரத்துல உங்க காசை நான் வாங்கித் தர்றேன்.”

எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. அதை ஏன் மறைக்க வேண்டும்? அண்ணியின் தையல் மெஷின் என் கண் முன்னால் கடகடவென்று ஓட ஆரம்பித்துவிட்டது. எழுதுங்கள் அண்ணே என்று அவர் முழங்கையை இடித்தேன். வேறு வழியும் தெரியவில்லை. ஃபைல் இல்லாவிட்டால் மனுவை மறுபடி முதலிலிருந்து போட வேண்டும். பலனை மறுபடி கணக்கிட வேண்டும். அண்ணனுக்கு ஓய்வு பெறும் வயது பக்கத்தில் வந்துவிட்டது. அதற்குள் முடியாவிட்டால் அப்புறம் எதுவும் முடியாது.

அண்ணன் பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றினார். ‘ஐயா’ என்று எழுதினார். குமாஸ்தா சுவரோடு சுவராக நின்றுகொண்டிருந்தார். அவர் உதடு ஏதோ முணுமுணுத்தது. அந்த நேரத்திலும் விதி எண் எதையோதான் சொல்லிக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். அண்ணன் அவரைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். மறுபடி அவரைப் பார்த்தார். பிறகு பேனாவை மூடி மேஜையில் வைத்தார்.

“தேடிப் பாக்கலாமே சார்” என்றார். “அவ்வளவு பெரிய ரோலரே எங்கயும் போயிடல. இது காகிதம்தானே. காகிதம்தானே சார் இது.”

“உங்களுக்குப் பணம் வேணுமா, வேணாமா?”

“வேணும் சார். ரொம்ப வேணும். வெறுங்கையோட போனா வீட்ல என்னை உள்ளேயே விடமாட்டா.” அண்ணன் தாளை அதிகாரி பக்கமே திருப்பித் தள்ளினார். “ஆனா சந்தேகம்னு எழுதக் கை வரமாட்டேங்குது. எழுதிட்டா அது போகாது சார். போகவே போகாது.”

நான் தலையில் கைவைத்துக்கொண்டேன். கையில் வந்ததை இப்படியா நழுவவிடுவார் ஒரு மனிதர்? குமாஸ்தா மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

அதிகாரிக்குக் கோபம் தலைக்கேறியது. “நீங்க எழுதலன்னா போங்க. நானே போலீசைக் கூப்பிடறேன்” என்று, சுவரில் மாட்டியிருந்த தொலைபேசியை எடுக்க நாற்காலியிலிருந்து குதித்து இறங்கினார்.

குதித்துத்தான் இறங்க வேண்டியிருந்தது. இறங்கியதும் அவர் பழையபடி குள்ளமாகிவிட்டார். நாற்காலி மட்டும் உயரமாகவே இருந்தது. அதன்மேல் ஃபைல் கட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. எல்லாவற்றுக்கும் மேலே, அவர் உட்கார்ந்த சூடு ஆறாமல், தட்டையாக, நன்றாக அமுங்கிச் சமப்பட்டு, ஒரு ஃபைல் கிடந்தது. மேலட்டையில் குமாஸ்தாவின் குண்டு எழுத்து: ‘ரோடு ரோலர் - எதிரி - பலன் கணக்கிடப்படவில்லை.’

குமாஸ்தா நாற்காலியைப் பார்த்தார். நான் நாற்காலியைப் பார்த்தேன். பிறகு நாங்கள் இருவரும் ஒரே சமயத்தில் அதிகாரியைப் பார்த்தோம். எங்களையறியாமல் எங்கள் கண் அவருடைய கைகளுக்குப் போயிற்று.

அதிகாரி திரும்பிப் பார்த்தார். முகம் சுண்டிப்போயிற்று. தொலைபேசியை அவர் எடுக்கவே இல்லை. இரண்டு கைகளும் தாமாக மேலே வந்தன. உள்ளங்கைகள் எங்கள் பக்கம் விரிந்தன. “எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க” என்றார். பணிந்து அவர் சேர்த்த முதல் ‘ங்க’ அதுதான். “உயரம் பத்தலன்னு கைக்குக் கிடைச்ச கட்டைப் போட்டு உக்காந்தேன். வேணும்னு எடுக்கலீங்க. சத்தியமா…”

அண்ணன் எழுந்தார். அவசரப்படாமல், தன்னுடைய நடையில், மேஜையைச் சுற்றிக்கொண்டு போனார். போகிற வழியில் மேஜையிலிருந்த பேனாவை எடுத்துக்கொண்டார்.

“எனக்குச் சந்தேகமே இல்லீங்க சார்” என்றார். “சந்தேகமே இல்ல எனக்கு.”

விரிந்திருந்த அந்த வலது கையில் பேனாவை வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினார்.